வேதநாயகம் பிள்ளையும் வழக்குமன்ற எள்ளலும்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன் கூறப் புகுந்த தொல்காப்பியனார் எள்ளலை முதற்கண் வைத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பகுத்துக் காட்டினார். ஒருவன் பிறரை எள்ளித் தான் சிரிப்பது ஒருவகை. பிறர் தன்னை எள்ளியபோது தானும் சேர்ந்து சிரிப்பது மற்றொரு வகை. முதல்வகைக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் அலைய வேண்டுவதில்லை. காளமேகம் ஒருவரே போதும். இரண்டாம் வகையோ அரிது. தான் வீற்றிருக்கும் இருக்கையையே எள்ளத் துணிந்தவன் தன்னையும் அவ்வெள்ளலுக்கு உட்படுத்திக்கொள்கின்றான். பிறர் சிரிக்குமுன் தானே சிரித்துக்காட்டும் அந்நெஞ்சுரம் எல்லா எழுத்தாளர்க்கும் வாய்ப்பதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழில் அது வாய்க்கப் பெற்றவர் மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை ஆவர்.

பிள்ளையவர்களைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரே புள்ளியில் சுழன்று நின்றுவிடுகிறது. தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்பதும், 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் நாவல்தானா, அன்றிக் கதைக்கோவையா என்பதுமே திரும்பத் திரும்ப எழுப்பப்பெறும் வினாக்கள். அவ்வினாக்களுக்கு விடை கூற நாம் ஈண்டுப் புகவில்லை. நாம் கேட்பது வேறு. முன்சீபாக இருந்து தீர்ப்பு எழுதிய ஒருவர் வழக்குமன்றத்தைப் பார்த்துச் சிரிக்கும்போது எதனைப் பார்த்துச் சிரிக்கின்றார்? கைக்கூலி வாங்கும் அலுவலரையா? பொய்ச்சான்று கூறுவோரையா? வாதத்தை நீட்டும் வழக்கறிஞரையா? இவர்கள் எல்லோருமே அவர்தம் எழுத்தில் சூடு வாங்குகின்றனர் என்பது உண்மை. ஆயினும் அவருடைய நகையின் உண்மையான இலக்கு ஆள் அன்று, சொல் என்பதே நம் கருத்து.

'வழக்கு' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். மக்கள் நாவில் வழங்கும் மொழிக்கும் அதுவே பெயர். மன்றத்தில் தொடுக்கும் வாதத்திற்கும் அதுவே பெயர். உலகவழக்கு என்று இலக்கணமும், உரிமைவழக்கு என்று மன்றமும் ஒரே சொல்லை ஆளுகின்றன. மக்கள் வழங்குகின்ற முறையே நியாயம் என்ற பழைய எண்ணம் அச்சொல்லுள் பொதிந்து கிடக்கிறது. மன்றத்து வழக்கு மக்கள் வழக்கினின்று பிரிந்துபோன காலத்தில் அப்பிளவின்மேல் அமர்ந்து பணியாற்றியவர் பிள்ளையவர்கள். அவர் சிரிப்பின் ஊற்றுக்கண் அங்கேதான் இருக்கிறது.

மன்றத்தையும் ஓலையையும் கண்டு நகும் மரபு தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசம் என்னும் நகைநாடகத்தில், கபாலத்தை இழந்த காபாலிகன் பௌத்தத் துறவி ஒருவன்மேல் பழி சுமத்தி மன்றம் ஏற எண்ணுகின்றான். விகாரைகளின் செல்வமெல்லாம் அத்துறவியின் கையில் இருக்க, மன்றத்தாரின் வாயை அவன் எளிதில் நிரப்பிவிடுவானே என்ற பேச்சு அங்கே எழுகிறது. முடியரசன் தன் ஆட்சிக்குட்பட்ட மன்றத்தைப் பற்றித் தானே இவ்வாறு எழுதினான் என்பதை நோக்க, பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளலுக்கு இந்நாட்டில் வேர் ஆழமானது என அறிகிறோம்.

மற்றொன்று பெரியபுராணத்தில் உள்ளது. தென்பெண்ணையாறு சாத்தனூர் அணையைக் கடந்தபின் மூங்கில்துறைப்பட்டை அணைந்து, திருக்கோவலூரைத் தழுவிக் கீழ்நோக்கிச் செல்கிறது. அவ்வாற்றுப் படுகையிலேதான் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சுந்தரருடைய திருமணப் பந்தலில் முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, இவன் எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டிய வழக்கு அவ்வூர் அவையிலேதான் தீர்ந்தது. சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கின்றார் முதியவர். ஆவணத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு வழக்காடும் கட்சிக்காரர்களை நன்கு பழகியறிந்த ஒருவரே இந்நுணுக்கத்தை அமைத்திருக்க இயலும். சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்னும் மரபு இவ்விடத்தில் நினைக்கத் தக்கது. நெடுங்கால ஆட்சி, ஆவணம், அயலார் சான்று என மூவகை மெய்ப்பிப்பினையும் அவையத்தார் கேட்கின்றனர், பாட்டனின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்புநோக்குகின்றனர், தீர்ப்புக் கூறுகின்றனர். வழக்காடியவர் இறைவன் என்பதை நீக்கிப் பார்த்தால், இது முழுமையானதோர் உரிமை வழக்கின் நடவடிக்கைக் குறிப்பாகும். புராணத்தின் நோக்கம் எள்ளல் அன்று, பக்தியே. எனினும் நாம் கருதற்பாலது ஒன்று உண்டு. அம்மன்றத்தில் நடந்தது அனைத்தும் கட்சிக்காரர் இருவருக்கும் விளங்கியது. தோற்றவர் தாம் எதனால் தோற்றோம் என்பதை உடனிருந்தே கேட்டார்.

இனி வேதநாயகம் பிள்ளையின் காலத்திற்கு வருவோம். அவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணிபுரிந்து, பின்னர் அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீபாக அமர்ந்தார். சீர்காழியிலும் அப்பதவியை வகித்து, மாயூரத்தில் 13 ஆண்டுகள் முன்சீபாக விளங்கினார். ஓய்வுக்குப்பின் அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்து, 1889இல் மறைந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மேல் குளத்துக் கோவை பாடினார் என்பதும், உ. வே. சாமிநாதையர் இளமையிலேயே இவரை அறிந்திருந்தார் என்பதும் தமிழுலகம் அறிந்த செய்திகள்.

இவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி முதற்பகுதியே. முன்சீபு ஆவதற்குமுன் அவர் ஆவணக் காப்பாளர், அதன்பின் மொழிபெயர்ப்பாளர். ஆவணக் காப்பாளன் காகிதத்தின் வலிமையை அறிவான். ஆள் இறந்தபின்னும் காகிதம் வாழும். ஆள் இருக்கும்போதே காகிதம் காணாமற்போனால் ஆளுக்கு வாழ்வில்லை. மொழிபெயர்ப்பாளனோ மன்றத்தில் யார் யாரைப் புரிந்துகொள்ளவில்லை என்பதை அறிவான். உழவன் சொன்னது ஒன்று, ஏட்டில் ஏறியது மற்றொன்று, மேலே அமர்ந்த துரை விளங்கிக்கொண்டது வேறொன்று என்ற நிலையை நாள்தோறும் கண்டவர் அவர். அவருடைய நகைச்சுவையின் பயிற்சிக்கூடம் இந்த இரண்டு மேசைகளே என்று நாம் துணிந்து கூறலாம்.

அம்மேசைகளின்மேல் கிடந்த சொற்களைச் சற்று நோக்குவோம். தஸ்தாவேஜு, ராஜிநாமா ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. வக்கீல், வக்காலத்து, முன்சீபு, அமீனா, வாயிதா, ஜப்தி ஆகியவற்றிற்கு வேர் அரபுமொழி. இவற்றின்மேல் சம்மன், டிக்கிரி, அப்பீல், ரிக்கார்டு என ஆங்கிலச் சொற்கள் வந்து அமர்ந்தன. நவாபு ஆட்சியின் பாரசீக அடுக்கும், கும்பினி ஆட்சியின் ஆங்கில அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்க, அவற்றின் அடியில் தமிழ் பேசும் கட்சிக்காரன் நின்றான். தன் நிலம் ஜப்தியாயிற்று என்றபோது, நிலம் போயிற்று என்பது அவனுக்குத் தெரியும். அச்சொல் யாருடையது என்பது தெரியாது. வாயிதா என்னும் சொல்லுக்கு மூலமொழியில் வாக்குறுதி என்பது பொருள். தமிழ்நாட்டு மன்றங்களிலோ அது ஒத்திவைப்பு என்று பொருள்படலாயிற்று. 'வாய்தா மேல் வாய்தா' என்று நம் ஊர்ப்புறத்தார் இன்றும் சொல்லிச் சலித்துக்கொள்வதில், கொடுத்த வாக்கு தள்ளிவைத்த வாக்காக மாறிய கதை முழுதும் அடங்கியிருக்கிறது. சொல்லாராய்ச்சியும் சில சமயம் நல்ல அங்கதமாகும்.

இப்பின்னணியில் பிரதாப முதலியார் சரித்திரத்தைப் படிக்கும்போது அதன் வேடிக்கைக் கதைகள் வேறு முகம் காட்டுகின்றன. நூலின் தொடக்கத்திலேயே ஒரு செய்தி வருகிறது. செல்வக் குடும்பத்துப் பிள்ளையாகிய பிரதாபன் பாடத்தில் பிழை செய்தால், அவனுக்குரிய அடி உடன்பயிலும் கனகசபைக்கு விழுகிறது. குற்றம் ஒருவன்பாலது, தண்டம் மற்றொருவன்பாலது. படிப்போர் சிரிக்கின்றனர். ஆனால் ஆசிரியர் இதனைக் குழந்தைப் பருவத்துக் குறும்பாக மட்டும் எழுதினாரல்லர். செல்வமுடையோன் பிழைக்கு எளியோன் முதுகு விடையிறுக்கும் முறையைத் தம் அலுவலில் அவர் எத்தனை வடிவங்களில் கண்டிருப்பார் என்று எண்ணும்போது நம் சிரிப்புச் சற்று அடங்கிவிடுகிறது.

நூலின் நடுப்பகுதிக்கு அப்பால் வரும் செருப்பு வழக்குத்தான் நம் கருத்துக்கு உயிர்நாடி. வழிதவறி விக்கிரமபுரிக்கு வந்து சேர்ந்த பிரதாப முதலியார், அறுந்த செருப்பைத் தைத்துத் தருமாறு அங்குள்ள ஒரு தொழிலாளியை வேண்டுகின்றார். கூலி பேசவில்லை, உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுகின்றார். தைத்து முடித்தபின் அவர் கொடுத்த கூலியைத் தொழிலாளி ஏற்கவில்லை; சந்தோஷம் வரவில்லை என்கின்றான். தொகையை உயர்த்திக்கொண்டே போகின்றார்; அவனுக்குச் சந்தோஷம் வந்தபாடில்லை. வழக்கு மன்றம் ஏறுகிறது. ஒப்பந்தம் ஒப்பந்தமே ஆதலின், சொன்னபடி சந்தோஷப்படுத்தாதவர் சிறைக்குப் போகின்றார். பின்னர், ஆண்வேடத்தில் வந்து அந்நாட்டின் அரசுரிமையை எய்திய அவர் மனைவி ஞானாம்பாள் வழக்கை மீண்டும் விசாரிக்கின்றாள். நாம் இந்நாட்டிற்கு அரசனானது உனக்குச் சந்தோஷந்தானா என்று தொழிலாளியை வினவுகின்றாள். புதிய அரசனின் முகத்துக்கு நேரே எவன் இல்லை என்பான்? சந்தோஷம் என்கின்றான். அவ்வளவில் ஒப்பந்தம் நிறைவேறியதாகிறது, கடன் தீர்கிறது.

மரியாதைராமன் கதைகளையும் தெனாலிராமன் கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்க்கு இக்கதையின் வடிவம் பழகியதே. நாட்டார் கதையை எடுத்து நாவலில் கோத்துக்கொள்வது பிள்ளையவர்களின் வழக்கம். அதனைக் குறையாகக் காட்டுவோரும் உளர். ஆனால் இக்கதையை ஒரு முன்சீபு தேர்ந்தெடுத்தார் என்பதில் பொருள் உண்டு. உலகவழக்கில் 'சந்தோஷப்படுத்துகிறேன்' என்பது ஓர் இன்சொல். அதனைச் சொன்னவனும் கேட்டவனும் அதன் அளவை அறிவர். அஃது இன்ன தொகை என்று கூறாமலே இருவர்க்கும் விளங்கும். அச்சொல்லை மன்றத்திற்குள் கொண்டுபோய் அதன் எழுத்தை மட்டும் பற்றிக்கொண்டால், அது முடிவற்ற கடனாகிவிடுகிறது. மக்கள் வழக்கிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட சொல் எவ்வளவு கொடிய கருவியாகும் என்பதை இதனினும் சுருக்கமாகக் காட்ட இயலாது. உரிமைவழக்கு நடைமுறைச் சட்டம் 1859இலும், இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இலும் இயற்றப்பட்டன. முன்சீபு பதவியேற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர் மேசைக்கு இப்பெருந்தொகுப்புகள் வந்து சேர்ந்தன. பிரிவும் உட்பிரிவும் விளக்கமும் விலக்குமாக அமைந்த சட்டத்தை நாளெல்லாம் படித்தவர், மாலையில் அமர்ந்து செருப்பு வழக்கை எழுதினார் என்று நாம் கற்பனை செய்துகொள்வதில் தவறில்லை.

எனினும் பாராட்டோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சி ஆகாது. இக்கதையில் இரண்டு இடங்களில் நமக்கு மனநிறைவு இல்லை. சொல்லைத் திரித்து ஏமாற்றும் பாத்திரத்தை ஆசிரியர் ஓர் ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமத்தினார். உண்மை வாழ்வில் பத்திரத்தின் எழுத்தைக் காட்டி நிலத்தை விழுங்கியவர்கள் செருப்புத் தைத்தவர்கள் அல்லர். பத்திரம் எழுதவும் எழுதுவிக்கவும் வல்ல செல்வர்களே. முன்சீபாகிய ஆசிரியர் இதனை அறியாதவரல்லர். சாதியும் செல்வமும் சார்ந்த அக்காலத்து மனப்பாங்கு அவரை இவ்வாறு எழுதச் செய்தது என்றே கொள்ள வேண்டும். மற்றொன்று இதனினும் முதன்மையானது. ஞானாம்பாள் நீதியை எவ்வாறு மீட்கின்றாள்? ஒரு சொல்விளையாட்டை மற்றொரு சொல்விளையாட்டால் வெல்கின்றாள். அரசன் முன் அச்சத்தால் பிறந்த 'சந்தோஷம்' கூலியாகுமா என்று எவரும் கேட்கவில்லை. மன்றத்தின் முறை திருந்தவில்லை. நல்லவர் ஒருவர் அரியணையில் இருந்ததனால் அன்று தப்பினோம், அவ்வளவே. நாளை வேறோர் அரசன் வந்தால் வேறொரு செருப்பு வழக்கு வரும்.

பிள்ளையவர்களின் கதைநகை இவ்வாறு பாதியிலேயே நின்றுவிடுகிறது. மறுபாதி கதையின் பிற்பகுதியில், கட்டுரைபோல் அமைந்த பேச்சுகளில் வெளிப்படுகிறது. நாவலுக்குள் கட்டுரை நுழைந்தது கலைக்குறை என்பர் திறனாய்வாளர். கலைக்குறைதான், ஆனால் அங்கேதான் ஆசிரியர் முகமூடியைக் கழற்றுகின்றார். தமிழ்நாட்டில், தமிழரான நீதிபதியின் முன்னே, தமிழரான வழக்கறிஞர், தமிழரான கட்சிக்காரருக்காக ஆங்கிலத்தில் வாதிடும் காட்சியை அவர் வியப்பதுபோல் எள்ளுகின்றார். அங்கே அயலவர் எவரும் இல்லை. அயல்மொழி மட்டும் இருக்கிறது. வாதம் யாருக்காக நிகழ்கிறதோ அவன் ஒருவன்தான் அதனைப் புரிந்துகொள்ளாதவன். இவ்வெள்ளலில் அடிபடும் 'தமிழரான நீதிபதி' யார்? எழுதியவரே அப்பதவியில் இருந்தவர் அல்லரோ? பேராசிரியரின் இரண்டாம் வகைக்கு இதுவே நாம் காட்டும் சிறந்த சான்று.

ஆங்கிலேயர் நாட்டிலும் இந்நிலை முன்பு இருந்தது. அங்குள்ள மன்றங்களில் பிரெஞ்சுமொழி கோலோச்சிய காலத்தில், வழக்காடுவோர்க்கு அது விளங்கவில்லை என்று கூறி, வாதம் ஆங்கிலத்தில் நிகழ வேண்டும் என 1362இல் சட்டம் செய்தனர். ஆயினும் ஏடுகளில் இலத்தீன் நீங்கி ஆங்கிலம் முழுமையாக ஏறியது 1733ஆம் ஆண்டில்தான். தம் மன்றங்களில் தம் மொழியைப் பெற 370 ஆண்டுகள் போராடியவர்கள், கடல் கடந்து வந்து பிறர்மேல் அதே சுமையை ஏற்றினர் என்பது வரலாற்றின் எள்ளல். சார்லஸ் டிக்கன்ஸ் 1852-53இல் வெளியிட்ட 'பிளீக் ஹவுஸ்' என்னும் நாவலில், தலைமுறை தலைமுறையாக நீண்டு, சொத்து முழுவதும் செலவாகித் தீர்ந்தபின் ஒழியும் ஒரு வழக்கைப் படைத்தார். அவரும் இளமையில் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராகவும் நீதிமன்றச் செய்தி எழுதுவோராகவும் இருந்தவரே. ஆனால் டிக்கன்ஸின் சீற்றம் காலத் தாழ்ப்பின்மேலும் செலவின்மேலும் பாய்ந்தது. மன்றத்தின் மொழி அவர் காலத்தில் மக்களின் மொழியாகிவிட்டது. நம் முன்சீபுக்கோ அவ்வடித்தளமே இல்லை.

இனி நாம் கூறப்போவது நகைச்சுவை நூல் ஒன்றைப் பற்றியது அன்று. ஆயினும் அதை விட்டுவிட்டால் நகையின் பொருள் முழுமையாகாது. சென்னையில் உயர்நீதிமன்றம் 1862இல் நிறுவப்படுமுன் மேல்முறையீடுகளை விசாரித்தது சதர் அதாலத்து என்னும் மன்றம். அதன் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. கீழ் மன்றங்களையெல்லாம் கட்டுப்படுத்தும் அத்தீர்ப்புகள், அவற்றால் கட்டுண்ட மக்களுக்கு எட்டாதவை. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைப் பிள்ளையவர்கள் தமிழில் சுருக்கி மொழிபெயர்த்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். நூற்பெயரையே நோக்குக. சைவமும் வைணவமும் தம் முடிந்த முடிபுகளுக்கு வழங்கும் சொல்லை மன்றத்தின் முடிபுகளுக்கு வைத்தார் அவர். தீர்ப்பு என்பது மறைபொருளாய் இருக்கலாகாது, கற்றுத் தெளியத்தக்க கொள்கையாக வேண்டும் என்ற எண்ணம் அப்பெயரில் ஒலிக்கிறது. சென்ற நூற்றாண்டுத் தமிழாராய்ச்சி இந்நூலை ஒரு வரியில் குறித்துவிட்டு நாவலுக்குத் தாவிவிட்டது. நம் கருத்தில், பிரதாப முதலியார் சரித்திரத்தின் செருப்பு வழக்கும் சித்தாந்த சங்கிரகமும் ஒரே மனத்தின் இரு செயல்கள். கதையில் சொற்பிளவை அறிவுக்கூர்மையால் கடந்தார். வாழ்வில் அதனை மொழிபெயர்ப்பால் கடக்க முயன்றார். முன்னது சிரிப்பைத் தந்தது. பின்னது பயனைத் தந்தது. 1859இல் வெளிவந்த நீதிநூலில் கைக்கூலியைக் கடிந்து அவர் பாடியவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. அவற்றில் அறவுரை மிக, நகை குறைந்துவிடுகிறது. ஆதலின் அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

உள்ளிருந்து எழுந்த இந்நகையோடு, வெளியிலிருந்து எழுந்த ஒன்றை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1917-18இல் 'தமிழன்' இதழில் வெளியிட்ட 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' அத்தகையது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே, தந்தையின் சொத்து மகனுக்குச் சேராமல் உடன்பிறந்தாள் மகனுக்குச் சேரும் முறை இருந்தது. அம்முறையின் கீழ் ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் துன்பத்தைத் தானே எடுத்துரைப்பதாக நூல் அமைந்துள்ளது. புராணங்களைப்போல் படலங்கள் வகுத்து, அடுக்களைச் சண்டைக்குக் காப்பிய மிடுக்கைக் கொடுத்தார் கவிமணி. அவற்றுள் ஒன்று 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. திருவிதாங்கூர்ப் பேச்சுவழக்கில் நீதிமன்றத்திற்குக் கோடு என்று பெயர். 'கோர்ட்டு' என்னும் ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் தேய்ந்து கோடாயிற்று. தமிழ்ச்செவிக்கோ கோடு என்பது மலையுச்சி; கொம்பு; வளைவு. மலையேறியவன் இறங்கலாம், கோடேறியவன் குடி முடிந்தது. அயற்சொல்லை மக்கள் வழக்கு விழுங்கித் தன் பொருளை அதற்கு ஏற்றிவிட்ட இடத்தைக் கவிஞர் பிடித்துக்கொண்டார். பிள்ளையவர்கள் கண்ட பிளவின் மறுகரையிலிருந்து எழுந்த சிரிப்பு இது.

கவிமணி முன்சீபு அல்லர், ஆசிரியர். அவருடைய நூலில் பேசுபவள் மன்றத்தைத் தூரத்திலிருந்து மட்டுமே கண்டவள். அங்கே என்ன வாதித்தனர் என்பது அவளுக்குத் தெரியாது. வீட்டிலிருந்து என்னென்ன விற்கப்பட்டன என்பது தெரியும். ஆதலின் அவள் நகையில் சொல்நுணுக்கம் குறைவு, வயிற்றெரிச்சல் மிகுதி. பயனும் மிகுதி. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இயற்றப்பட்டு, அப்பழைய முறை மாறியது. அந்நூல் ஒன்றே சட்டத்தை மாற்றிற்று என்பது மிகையாகும். சமூகத்துச் சான்றோர் பலர் அதற்கென உழைத்தனர். ஆயினும் சட்டம் மாறுமுன் அச்சட்டத்தைக் கண்டு ஊர் சிரிக்கக் கற்றிருந்தது. குறிப்பிட்ட ஒரு முறையைக் குறிவைத்த கவிமணியின் அம்பு இலக்கைத் தைத்தது. வேதநாயகம் பிள்ளை குறிவைத்தது மன்றத்தின் மொழியையே ஆதலின், அவர் அம்பு இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

விடுதலைக்குப்பின் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976இல் செய்த திருத்தம், கீழமை நீதிமன்றங்களில் சான்று பதிவுசெய்யவும் தீர்ப்பு எழுதவும் தமிழுக்கு வழி திறந்தது. உயர்நீதிமன்றத்திலோ, அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலமே நிலைபெற்றுள்ளது. குடியரசுத்தலைவரின் இசைவோடு மாநில மொழியைப் புகுத்த அவ்வுறுப்பே இடந்தருகிறது; இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர்நீதிமன்றங்களில் இந்தி அவ்வாறு இடம்பெற்றது. தமிழ்நாட்டுச் சட்டப்பேரவை 2006இல் நிறைவேற்றிய தீர்மானத்திற்கு உச்சநீதிமன்றம் இசையவில்லை. பிள்ளையவர்கள் மேசையிலிருந்த தண்டனைச் சட்டம் 2024 சூலை முதல் நாளோடு விலகி, அதன் இடத்தில் 'பாரதிய நியாய சன்ஹிதா' என்னும் பெயருடைய சட்டம் வந்துள்ளது. பாரசீக அடுக்கு, ஆங்கில அடுக்கு ஆகியவற்றின்மேல் இஃது எவ்வடுக்கு என்று சொல்லாராய்ச்சியாளர் எண்ணிக்கொள்வாராக.

ஆகவே, மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் உழவர் ஒருவருக்கு வாய்க்கால் உரிமை பற்றி வழக்கு நேர்ந்தது என வைத்துக்கொள்வோம். கீழ் மன்றத்தில் அவர் தம் சொல்லைத் தாமே கேட்கலாம். 'மேல்மடை', 'கடைமடை', 'முறைத்தண்ணீர்' என்று அவர் கூறுவது ஏட்டிலும் அவ்வாறே ஏறும். வழக்கு மேல்முறையீடாகிச் சென்னைக்குச் சென்றதும், அம்மூன்று சொற்களும் ஆங்கிலமாகின்றன. முறைத்தண்ணீர் என்பதில் உள்ள முறை, அதாவது ஊரார் கூடி வகுத்த நாளும் நாழிகையும், மொழிபெயர்ப்பில் எத்தனை பங்கு மிஞ்சும் என்பதைப் பொறுத்தே அவருடைய பயிர் நிற்கும். அவர் பின்வரிசையில் அமர்ந்து, தம் வழக்கறிஞரின் முகக்குறிப்பைக் கொண்டே வாதத்தின் போக்கை ஊகிப்பார். அதே ஆற்றின் கீழ்ப்படுகையில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் தோற்ற சுந்தரருக்கு இருந்த வாய்ப்பு இவருக்கு வென்றாலும் இல்லை.

உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகளை மாநில மொழிகளில் பெயர்த்து வெளியிடும் பணியை 2019இல் தொடங்கியது. தமிழும் அம்மொழிகளுள் ஒன்று. 1862இல் ஒரு முன்சீபு தனியொருவராக நின்று செய்த பணி, 157 ஆண்டுகளுக்குப்பின் மன்றத்தின் பணியாயிற்று. இம்மொழிபெயர்ப்புகளில் ஆளப்பெறும் கலைச்சொற்களையும் சித்தாந்த சங்கிரகத்தின் சொற்களையும் எதிரெதிரே நிறுத்தி ஆராய்தல், முதுகலை மாணவர்க்கு ஏற்றதோர் ஆய்வுப் பொருளாகும். எச்சொல்லைப் பிள்ளையவர்கள் தமிழாக்கினார், எச்சொல்லை மக்கள் நாவில் பழகிவிட்டதெனப் பாரசீகத்திலேயே விட்டுவிட்டார், எந்த இடத்தில் விளக்கம் சேர்த்தார் என்பவை தொகுக்கப்படுமாயின், செருப்பு வழக்கை எழுதிய கை சட்டத்தின் சொற்களை எவ்வாறு நிறுத்தி அளந்தது என்பது வெளிப்படும்.